இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து ஓர் ஊர்வலம்

1966ஆம் ஆண்டு மே 1. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரம். வியட்நாம் போருக்கு எதிராக மாணவர்கள் அடிக்கடி கோஷம் போட்டுக்கொண்டிருந்த ஊர் அது. அன்றும் டெலிகிராஃப் அவென்யூவில் ஓர் ஊர்வலம் போனது. ஆனால் அதில் நடந்தவர்கள் நீண்ட அங்கியும் தலைக்கவசமும் வாளுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். எதை எதிர்த்து இந்த ஊர்வலம்? இருபதாம் நூற்றாண்டை எதிர்த்துத்தான்!

அது விளையாட்டாகச் சொன்னது. ஆனால் அந்த விளையாட்டு இன்றுவரை நிற்கவில்லை.

ஊர்வலம் கிளம்பிய இடம் டயானா பாக்ஸன் என்ற மாணவியின் வீட்டுக் கொல்லைப்புறம். பின்னாளில் இவர் நாவலாசிரியராகப் பெயர் பெற்றார். ஐரோப்பிய இடைக்காலத்தின் மேல் இவருக்கும் நண்பர்களுக்கும் பெரும் மோகம். ஒரு நாள் அந்தக் கால மாவீரர்களைப் போல வாட்போட்டி நடத்திப் பார்ப்போம் என்று கூடினார்கள். கூட்டம் களைகட்டியது, மறுபடியும் நடத்தலாம் என்று முடிவானது. அடுத்த முறைக்கு நகரப் பூங்காவை முன்பதிவு செய்யப் போனால், சங்கத்தின் பெயர் என்ன என்று கேட்டார்கள். நண்பர்களில் ஒருவரான எழுத்தாளர் மரியன் ஜிம்மர் பிராட்லி, 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்' என்று ஒரு பெயரைச் சொன்னார். காலத்துக்குப் பொருந்தாததை வேண்டுமென்றே கற்பனையோடு செய்கிற சங்கம் என்று தமிழில் சொல்லலாம். சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1968-ல் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. இன்று உலகம் முழுவதையும் 20 'இராச்சியங்களாக'ப் பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஒரு இராச்சியம், ஆஸ்திரேலியா நியூசிலாந்துக்குச் சேர்த்து ஒரு இராச்சியம்!

பார்வையாளர் கிடையாது

பழைய காலத்தை நடித்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு தன் கோட்டை மைதானத்தில் ஒரு மாபெரும் வீரப்போட்டி நடத்தினார். வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் படித்துக் கிறங்கிப்போயிருந்த காலம். பிரபுக்கள் லட்சணமாகக் கவசம் அணிந்து குதிரையேறினார்கள். வேடிக்கை பார்க்கச் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கவச வீரர்கள் குடை பிடித்த காட்சியைப் பத்திரிகைகள் பல நாள் கிண்டலடித்தன.

எக்ளிண்டனில் பணக்காரர்கள் ஆடினார்கள், ஜனங்கள் பார்த்தார்கள். பெர்க்லியில் தோன்றிய சங்கமோ பார்வையாளர் என்ற இனத்தையே ஒழித்துவிட்டது. அங்கே நடக்கும் நிகழ்ச்சிக்கு யார் வந்தாலும் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடையை அணிய முயற்சியாவது செய்திருக்க வேண்டும். முயற்சி போதும், கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக வருபவரிடம் துணி இல்லையா? இரவல் கொடுக்கவென்றே பல கிளைகளில் பெட்டி நிறைய உடைகள் வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் இந்தப் பொழுதுபோக்கில் நுழையும் வழி பெரும்பாலும் இப்படித்தான். முதல் நாள் இரவல் அங்கி. பிறகு தனக்கென ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு நூற்றாண்டு. பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்து விவசாயியாகவும் இருக்கலாம், பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் வணிகராகவும் இருக்கலாம். வரலாற்றில் புகழ் பெற்றவரின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம் தனக்கான உடையைத் தானே தைக்கும் ஆசை வரும். தைக்க உட்கார்ந்தால் துணி எப்படி நெய்தார்கள் என்ற கேள்வி வரும். அதிலிருந்து சாயம், சாயத்திலிருந்து செடி. வாள் பிடிக்க வந்தவர் மூன்று வருடம் கழித்துத் தறி முன்னால் உட்கார்ந்திருப்பார்!

இந்தச் சங்கத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்று போர்த் திறமைக்கு. அதே தகுதியில் இன்னொன்று கலைக்கும் கைத்தொழிலுக்கும், மற்றொன்று சேவைக்கும். அதாவது, அண்டா கழுவி, கணக்கு எழுதி, நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பவருக்கும் வாள்வீரனுக்கும் ஒரே மரியாதை. உண்மையான இடைக்காலம் இதை ஒருநாளும் செய்ததில்லை.

செத்தது யார் என்று யார் சொல்வது?

இவர்கள் சண்டை போடும் வாள் இரும்பு அல்ல, பிரம்பு. தென்கிழக்காசியக் காடுகளில் விளைந்து, நம்மூரில் நாற்காலியாகவும் வாத்தியார் கையிலும் இருந்த அதே பிரம்புதான். மூங்கில் போல உள்ளே பொள்ளல் கிடையாது என்பதால் கூர்மையாகப் பிளக்காது, நார் நாராகத்தான் பிரியும். அதன் மேல் டேப் சுற்றி வாளாக்குகிறார்கள். தலையில் இருப்பது மட்டும் நிஜ எஃகு. அடியும் நிஜ அடிதான், மெதுவாகத் தட்டினால் கணக்கில் வராது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. களத்தில் நடுவர்கள் இருந்தாலும், விழுந்த அடி கொல்லும் அடியா இல்லையா என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். நெஞ்சில் சரியாக விழுந்தது என்று அவருக்குத் தோன்றினால் அவரே சாய்ந்துவிட வேண்டும். தொடையில் விழுந்தால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடரலாம். இப்படிப்பட்ட போட்டியில் ஜெயிப்பவர்தான் பட்டத்து இளவரசராகி, பிறகு சில மாதங்களுக்கு ராஜாவாகிறார். பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள், ஜெயித்து அரியணை ஏறியிருக்கிறார்கள். தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மையின் மேல் கட்டிய முடியாட்சி!

1972-ல் இரண்டு இராச்சியங்கள் மோதிக்கொண்ட 'பென்சிக் போர்' இன்று பென்சில்வேனியாவில் கோடைதோறும் சுமார் இரண்டு வாரம் நடக்கும் முகாமாகிவிட்டது. பல ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருக்கிறார்கள். தோற்றவர் பிட்ஸ்பர்க் நகரத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய நகைச்சுவை. பகலில் போர் நடக்கும்போதே, பக்கத்துக் கூடாரங்களில் சமையல் முதல் எழுத்துக்கலை வரை நூற்றுக்கணக்கான வகுப்புகள் நடக்கின்றன.

முழங்காலுக்குக் கீழே

எஸ்.சி.ஏ. சண்டையில் முழங்காலுக்குக் கீழே அடிக்கக் கூடாது. பாதுகாப்புக்கான நல்ல விதி. இந்த விதியோடு 1361ஆம் ஆண்டை வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று ஸ்வீடனைச் சேர்ந்த கோட்லாந்து தீவின் மேல் டென்மார்க் மன்னன் வால்டெமார் படையெடுத்தான். விஸ்பி நகரத்து மதிலுக்கு வெளியே அவனை எதிர்த்து நின்றவர்கள் அந்தத் தீவின் விவசாயிகள். நகரத்தார் மதிலுக்கு உள்ளேயே இருந்துவிட்டுப் பின்னர் சரணடைந்தார்கள். சுமார் 1,800 விவசாயிகள் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வாளர்கள் அந்தப் புதைகுழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பலரைக் கவசத்தோடேயே புதைத்திருந்தார்கள். சிறுவர்களும் முதியவர்களும் அதில் இருந்தனர். எலும்புகளில் இருந்த வெட்டுக் காயங்களில் மிகப் பல முழங்காலுக்குக் கீழே, கவசம் மறைக்காத கணுக்கால் பக்கம்.

நிஜப் போர் அங்கேதான் அடித்தது. அடிபட்டவர் தானாகச் சாயவும் இல்லை, மாலையில் எழுந்து விருந்துக்குப் போகவும் இல்லை.

'இருந்திருக்க வேண்டிய இடைக்காலம்' என்பது எஸ்.சி.ஏ.வில் பழகிப்போன ஒரு வாசகம். இருந்தபடி அல்ல, இருந்திருக்க வேண்டியபடி. கொள்ளைநோய் வேண்டாம், பண்ணை அடிமைத்தனம் வேண்டாம், மதத்தின் பேரால் எரித்தது வேண்டாம். அங்கியும் விருந்தும் வீரமும் மட்டும் போதும். விளையாட்டுக்கு இது சரிதான். ஆனால் விட்டுவிட்டதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018-ல் ஒரு பாடம் கிடைத்தது. தெற்குக் கலிபோர்னியாவை உள்ளடக்கிய கேய்ட் இராச்சியத்தின் ராஜாவும் ராணியும் ஸ்வஸ்திகா வரிசை போட்ட கரை வைத்த உடையில் தோன்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. இருவரும் பதவி விலக நேர்ந்தது.

நமக்கு அது கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் மங்கலச் சின்னம். வடக்கு ஐரோப்பாவின் பழம்பொருட்களிலும் அது இருப்பது உண்மையே. ஆனால் ஹிட்லருக்குப் பிறகு ஐரோப்பிய உடை ஒன்றில் அதைப் பார்ப்பவருக்குப் பத்தாம் நூற்றாண்டு நினைவுக்கு வராது, மரண முகாம்கள்தான் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து ஊர்வலம் போகலாம். அது நடக்கவே இல்லை என்று இருக்க முடியாது.

கை கற்றுக்கொண்டது

அப்படியானால் இந்த வேடமெல்லாம் வீண்தானா? இல்லை. கவசம் பூண்ட வீரன் தானாகக் குதிரை ஏற முடியாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1944-ல் வந்த 'ஐந்தாம் ஹென்றி' திரைப்படத்தில்கூட வீரனைக் கயிறு கட்டித் தூக்கிக் குதிரை மேல் இறக்குவார்கள். உண்மையில் போர்க்களத்து முழுக் கவசம் ஏறக்குறைய 15 முதல் 25 கிலோ. அந்த எடை தோளிலிருந்து கால்வரை பரவியிருப்பதால், அணிந்தவர் ஓடலாம், விழுந்தால் எழலாம், தானே குதிரையும் ஏறலாம். ஆய்வாளர் ஏட்டில் எழுதிய இதை, கவசம் மாட்டிப் பார்த்தவர் பத்து நிமிடத்தில் உடம்பால் அறிகிறார். ஒரு முழம் துணி நெய்து பார்த்தவருக்கு, அந்தக் காலத்தில் ஒரு சட்டை எவ்வளவு பெரிய சொத்து என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

புத்தகம் சொல்லாததைக் கை சொல்கிறது. கை தொடாததைப் புத்தகம் சொல்கிறது. பிரம்பு வாளோடு மண்டியிட்டுச் சிரிக்கிற அந்தப் புதிய உறுப்பினர், விஸ்பியின் மதிலுக்கு வெளியே கால் வெட்டுண்டு கிடந்த பெயர் தெரியாத விவசாயியைப் பற்றியும் ஒரு நாள் படித்துவிட்டால், அவருடைய பொழுதுபோக்கு அன்றைக்கே வரலாற்றுப் படிப்பாகிவிடும்.