ஊழியக்காரர் யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் காணோமே என்று விசாரித்தால், "அண்ணனுக்கு இன்னிக்கு டூட்டி" என்பார்கள். போதகரைப் பற்றிக் கேட்டாலோ, "ஐயா ஊழியத்துக்குப் போயிருக்காரு" என்று பதில் வரும். உருக்காலை உலைமுன் நிற்பவருக்கு டூட்டி, ஜெபக்கூட்டம் நடத்துபவருக்கு ஊழியம். இப்படிப் பிரித்துப் பேசுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. சொல்லின் பழைய வழக்கைப் பார்த்தால் இந்தப் பிரிவினை தலைகீழாகிவிடும்.

ஊழியம் என்பது ஒரு காலத்தில் கூலி இல்லாமல் வாங்கப்பட்ட வேலை. திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியார் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். 1815இல், அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஞாயிறு என்றாலே ஊழியம் என்று சொல்லும் இன்றைய சபையாருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அன்று அந்த ஒரு நாள் ஊழியம் இல்லை என்பதுதான் விடுதலை. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில் சோனகரும் செட்டிகளும் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலையும் இதே பெயரில்தான் அவர்களுடைய ஆவணங்களில் ஏறியது. பணம் கட்டினால் அதிலிருந்து தப்பலாம்.

அதே டச்சுக்காரரின் வணிகக் கம்பெனிதான் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் 17ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறி பத்தாவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது, தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பாளர் ஃபப்ரிசியஸ் தஞ்சம் புகுந்ததும் இந்தப் பழவேற்காட்டில்தான். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது.

பின்னர் ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளியான மொழிபெயர்ப்பையே சீர்திருத்தச் சபைகள் இன்றும் பெரும்பாலும் வாசிக்கின்றன. அதில் 'தூலோஸ்' என்ற கிரேக்கச் சொல் எப்படித் தமிழாகியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அதற்கு அடிமை என்று பொருள். பவுல் ரோமருக்கு எழுதும் நிருபத்தில் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது தமிழில் 'ஊழியக்காரன்'. கொலோசெயருக்கு எழுதியதில் எஜமான்களுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிக்கும்போது 'வேலைக்காரர்'. பிலிப்பியருக்கு எழுதியதில் கிறிஸ்து எடுத்த ரூபத்தைச் சொல்லும்போது 'அடிமை'. ஒரே சொல் ஆளுக்குத் தகுந்தபடி மூன்றாகப் பிரிந்தது. அதில் சற்றே மதிப்பான பெயர் அப்போஸ்தலனுக்கும், வெறும் 'வேலைக்காரர்' என்ற பெயர் எஜமானுக்குக் கீழ் உழைப்பவனுக்கும் போய்ச் சேர்ந்தது. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவு என்னவோ அதுதான். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு, முதல்வனாக விரும்புகிறவன் தூலோஸ் ஆகட்டும் என்கிறார். அங்கேயும் தமிழ் 'ஊழியக்காரன்' என்றே சொல்கிறது. அந்த இடத்தில் இந்தச் சொல்லுக்குப் பழைய வலி இருந்தால்தான் வசனம் உறைக்கும்.

வலி போய்விட்டது. அரசு ஊழியர் என்றால் இன்று பெண் கொடுக்க முந்துகிறார்கள். ஊழியக்காரருக்கு மேடையில் நாற்காலி, தோளில் சால்வை. கத்தோலிக்கரும் சேர்ந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் 'பணி', 'தொண்டு' என்ற சொற்களைத் தேர்ந்துகொண்டது. தொண்டும் அடிமை என்ற பொருளிலிருந்து ஏறி வந்த சொல்தான். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியாருக்கு அடியேன் என்று தாழ்ந்து நின்றார். தொண்டர் இப்போது கட்சிக்கொடி பிடிக்கிறார்.

சொல் ஏறிவிட்டாலும் அது குறித்த பொருள் இந்த மாவட்டத்தை விட்டுப் போகவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் திருவள்ளூர் செங்கற்சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் குடும்பங்களும், அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களும் மீட்கப்பட்டார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்குக் குடும்பமே உழைத்துக்கொண்டிருந்தது. பழைய வழக்கின்படி ஊழியம் என்று சொல்லத் தகுந்தது அதுதான்.

ஆகவே போதகர்களை மட்டும் குறிக்கும் 'முழுநேர ஊழியர்' என்ற சொற்றொடர் எனக்கு உவப்பில்லை. மற்றவர்களெல்லாம் அரைநேரமா? பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். இயேசுவே தச்சுத்தொழில் செய்தவர். ஒப்பந்தத் தொழிலாளியின் ஓவர்டைம் கணக்கைக் குறைக்காமல் எழுதும் சூப்பர்வைசரும், கையுறை இல்லாதவனை இயந்திரத்தின் பக்கம் விடாத ஃபோர்மேனும் அவரை நெருக்கமாகப் பின்பற்றுகிறவர்கள்தான். அவர்கள் செய்வதற்கு ஊழியம் என்பதைத் தவிர வேறு பெயர் தேட வேண்டியதில்லை. போதகர்களே, ஊழியத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்க அழைக்கும்போது, இரவு ஷிப்டு முடித்துக் கடைசி வரிசையில் தூக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் வெல்டரையும் முன்னே கூப்பிடுங்கள்.