இரையும் ஹார்ப்: ஒரு சத்தத்தின் வரலாறு

நம்மில் கனபேர் ஹார்ப்பைப் பார்த்தது தேவதைகளின் படங்களிலும் கின்னஸ் போத்தலிலும்தான். அதனாலேயோ என்னவோ, ஹார்ப் எண்டவுடன் மேகத்தில் மிதக்கிற ஒரு சுத்தமான சத்தம்தான் மனதில் வரும். ஆனால் புதுப் பெடல் ஹார்ப் ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். வீட்டுக்கு வந்து சில மாதங்களில், ஏதோ ஒரு நரம்பை மீட்டினால் கூடவே 'கிர்ர்' என்று ஒரு இரைச்சலும் வரும். எங்கிருந்து வருகிறது என்று இலேசில் பிடிபடாது. ஒரு திருகாணியை இறுக்கினால் நிற்கும்; அடுத்த நாள் இன்னொரு நரம்பில் தொடங்கும்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் அந்த இரைச்சலின் பின்னால்தான் போகப்போகிறோம். ஒரு வாத்தியத்தின் வரலாற்றை அதன் இனிமையான சத்தத்தை வைத்து எழுதுவதுதான் வழக்கம். அதன் வேண்டாத சத்தத்தை வைத்து எழுதினால் என்ன தெரியவரும்?

இரைவதற்கென்றே செய்த ஹார்ப்

முதலில் தெரியவருவது, இந்தச் சத்தம் எப்போதும் வேண்டாததாக இருக்கவில்லை என்பது. மத்தியகாலத்தின் இறுதியிலும் மறுமலர்ச்சிக் காலத்திலும் ஐரோப்பாவில் வாசிக்கப்பட்ட ஹார்ப்கள் பலவற்றில், ஒவ்வொரு நரம்பின் அடியிலும் ஆங்கில 'எல்' எழுத்தைப் போல வளைந்த சிறிய மர முளை ஒன்று இருந்தது. நரம்பை ஒலிப்பலகையில் பிடித்து வைப்பது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலைதான் சுவாரசியமானது. முளையைக் கொஞ்சம் திருப்பினால் அதன் நுனி நரம்பை மெல்லத் தொடும். மீட்டும்போது அதிர்கிற நரம்பு அந்த நுனியில் திரும்பத் திரும்ப மோதி இரையும். சத்தம் பெரிதாகும், கூர்மையாகும், சின்ன ஹார்ப்புக்கும் தூரம் கேட்கும்.

ஆங்கிலத்தில் இந்த முளைகளுக்கு 'ப்ரே' என்று பெயர். கழுதை கத்துவதற்கும் அதே சொல்தான். வேல்ஸ் நாட்டில் இந்த வகை ஹார்ப், மற்ற இடங்களில் வழக்கொழிந்த பிறகும் நீண்டகாலம் வாசிக்கப்பட்டது.

இது ஐரோப்பியர்களின் விசித்திர ரசனை எண்டு நினைக்கவேண்டாம். எத்தியோப்பியாவின் பெகெனா என்ற பத்து நரம்பு வாத்தியத்தில், நரம்புக்கும் பாலத்துக்கும் நடுவில் சிறிய தோல் துண்டுகளை வைப்பார்கள். இரைச்சல் வரவேண்டும் என்பதற்காகவே அது. நோன்புக்கால வழிபாட்டுப் பாடல்களுக்கு அந்த இரைச்சலோடுதான் வாசிக்கிறார்கள். நமக்கு இன்னும் கிட்டவும் ஓர் உதாரணம் இருக்கிறது. தம்புராவில் நரம்புக்கும் பாலத்துக்கும் இடையில் ஒரு நூலை வைத்து முன்பின் நகர்த்துவார்களே, அதுவும் இதே வேலைதான். அந்த நூலுக்கு நம் சங்கீதக்காரர் வைத்த பெயர் ஜீவாளி. நரம்பு எதையோ மெல்லத் தொட்டு இரைகிறது. ஓரிடத்தில் அதற்குக் கழுதையின் பெயர், இன்னோரிடத்தில் உயிரின் பெயர்.

கொக்கியும் காலும்

பிறகு எப்படி இது பிழையானது? பழைய ஹார்ப்பில் ஒரு சிக்கல் இருந்தது. பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மட்டும் உள்ள மாதிரி யோசித்துப் பாருங்கள். கறுப்புக் கட்டை இல்லை. நடுவில் ஒரு அரைச் சுரம் தேவைப்பட்டால் விரலால் நரம்பைக் கழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தவேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரோல் மலைப்பகுதிக் கைவினைஞர்கள் கழுத்தில் சிறு கொக்கிகளைப் பொருத்தினார்கள். கொக்கியைத் திருப்பினால் நரம்பின் நீளம் குறைந்து சுரம் அரைப்படி ஏறும். ஆனால் திருப்ப ஒரு கை வேண்டும், அந்தக் கை வாசிப்பை நிறுத்தவேண்டும்.

1720 அளவில் பவேரியாவின் டோனாவூர்த் ஊரைச் சேர்ந்த யாக்கோப் ஹோக்புருக்கர் அந்த வேலையைக் காலுக்குக் கொடுத்தார். கீழே பெடல்கள், ஒரு பெடலை மிதித்தால், முன்தூணுக்குள்ளால் போகும் இணைப்பு கழுத்துவரை இழுத்து, ஒரே சுரத்தின் எல்லா நரம்புகளிலும் உள்ள கொக்கிகளைச் சேர்த்தே அசைக்கும். அரை நூற்றாண்டுக்குள் இந்த ஹார்ப் பாரிஸ் வரவேற்பறைகளின் நாகரிகமாகிவிட்டது. மாரி அந்துவானெத் அரசியும் வாசித்தார்.

ஆனால் கொக்கி நரம்பைக் கழுத்தை நோக்கி இழுத்தது. இழுபட்ட நரம்பு மற்ற நரம்புகளின் வரிசையிலிருந்து விலகியது, பிடி உறுதியில்லாமல் இரைந்தது, சிலவேளை அறுந்தது. ஒரு காலத்தில் வேண்டுமென்று வரவழைத்த அதே சத்தம், இப்போது பொறிமுறையின் குறையாகக் கேட்கத் தொடங்கியது. நாங்கள் இதை இப்படித்தான் வாசிக்கிறோம்: வாசிப்பவரின் கையில் இருந்தவரை அது ஒரு நிறம். விருப்பமென்றால் முளையைத் திருப்பலாம், இல்லாவிட்டால் விடலாம். அவரைக் கேளாமல் இயந்திரத்திலிருந்து வந்தபோது அது பழுது.

அந்தப் பழுதைத் தீர்த்தவர் செபஸ்தியான் எரார். 1752இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்து, பாரிசில் பியானோ செய்து பெயரெடுத்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது லண்டனுக்குப் போய், 1794இல் அங்கே ஒரு ஹார்ப்புக்குக் காப்புரிமை எடுத்தார். கொக்கிக்குப் பதிலாக ஒரு பித்தளை வட்டு, அதில் இரண்டு முளைகள், நடுவால் நரம்பு போகும். பெடலை மிதித்தால் வட்டு சுழன்று, இரு முளைகளும் நரம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். நரம்பு இடம் மாறாது. 1810இல் அவரே ஒரு நரம்புக்கு இரண்டு வட்டுகள் வைத்து, ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு நரம்பிலும் மூன்று சுரம்: ஃப்ளாற், நச்சுரல், ஷார்ப். இன்றைக்கு இசைக்குழுக்களில் காண்கிற 47 நரம்பு, 7 பெடல் ஹார்ப்பின் அடிப்படை அதுதான். 1830இல் பெர்லியோஸ் தன் 'சிம்பனி ஃபந்தாஸ்திக்'கில் ஹார்ப்களை எழுதியபோது இந்தப் பொறிமுறைக்கு வயது இருபதுதான்.

பெடலே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசின் ப்ளெயெல் நிறுவனம், இரண்டு நரம்பு வரிசைகள் குறுக்கே வெட்டிப்போகிற குரோமாற்றிக் ஹார்ப்பைக் கொண்டுவந்தது. அதற்காக 1904இல் டெபுசியிடம் இரண்டு நடனங்களை எழுதுவித்தது. பெடல் ஹார்ப்பின் பெருமையைக் காட்ட எரார் நிறுவனம் ராவேலிடம் போக, அடுத்த வருடம் 'இன்ட்ரொடக்சன் அன்ட் அலெக்ரோ' பிறந்தது. வட்டு இல்லாத ஹார்ப்பில் வட்டு இரையவும் வழியில்லை. ஆனாலும் வென்றது பெடல் ஹார்ப்தான். டெபுசியின் நடனங்களையும் இன்று பெரும்பாலும் பெடல் ஹார்ப்பில்தான் வாசிக்கிறார்கள்.

தேடுகிற முறை

இந்த வரலாறு தெரிந்தால் இரைச்சலைத் தேடுவதும் இலகு. முதல் கேள்வி: எந்தப் பெடல் நிலையில் இரைகிறது? ஃப்ளாற் நிலையில் நரம்பு எதிலும் படாமல் நிற்கவேண்டும். அதில் இரைந்தால், சும்மா இருக்கவேண்டிய ஒரு வட்டின் முளை நரம்பைத் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். நச்சுரலில் மட்டும் இரைந்தால் மேல்வட்டின் பிடி போதாது. ஷார்ப்பில் மட்டும் என்றால் கீழ்வட்டு.

இரண்டாவது கேள்வி இன்னும் கெட்டித்தனமானது. இரைவது நரம்பா, சுரமா? பெடல் ஹார்ப்பில் ஒரே சுரத்தை இரண்டு நரம்புகளில் எடுக்கலாம். ஜி நரம்பை ஷார்ப் ஆக்கினால் வருவதும், ஏ நரம்பை ஃப்ளாற்றில் விட்டால் வருவதும் ஒன்றே. இரண்டிலும் இரைந்தால் குற்றம் நரம்பில் இல்லை. அந்தச் சுரத்துக்கு அதிர்கிற வேறேதோ பொருள் இருக்கிறது. அடியில் தளர்ந்த திருகாணி, தூணுக்குள் ஆடும் பெடல் கம்பி, விட்டுப்போன பசை. சிலவேளை அது ஹார்ப்பே இல்லை. யன்னல் கண்ணாடியாகவோ மேசை விளக்காகவோ இருக்கும். அப்ப ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சந்தேகமான இடங்களை ஒவ்வொன்றாய்க் கையால் அழுத்திப் பார்க்கவேண்டும்.

ஒரு நரம்பில் மட்டும் இரைந்தால் அதன் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். பெட்டிக்குள் முடிச்சுக்குக் கீழே நீளமாய் விட்ட வால் பலகையில் உரசலாம். அடிச்சுர நரம்புகளில் சுற்றிய கம்பி தளர்ந்திருக்கலாம்.

சரி, புதுசில் ஏன் இந்தக் கரைச்சல்? ஒரு பெரிய ஹார்ப்பின் நரம்புகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய ஒரு தொன் பாரத்துக்குச் சமம். அதைத் தாங்கும் ஒலிப்பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். புது மரம் அந்த இழுவைக்குப் பழகும்வரை பலகை மேலே வளையும், கழுத்தும் நெளியும். தொழிற்சாலையில் நரம்புக்கு நேராய் வைத்த வட்டுகள் நேர் தவறும். அதனால்தான் முதல் வருடத்தோடு ஒரு தடவை, பழகிய கைவினைஞர் வந்து எல்லா வட்டுகளையும் திரும்பச் சரிபார்க்கவேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஒழித்த சத்தத்தை 20ஆம் நூற்றாண்டில் கார்லோஸ் சல்செடோ திரும்பக் கூப்பிட்டார். 1921இல் வந்த அவருடைய பயிற்சி நூலில், பெடலை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி நரம்பை வட்டில் இரையவைப்பதும் ஒரு வாசிப்பு உத்தி. பழுது மறுபடி வாசிப்பவரின் கைக்கு வந்தது. இந்தமுறை காலுக்கு என்று சொல்லவேண்டும்.

நரம்பின் குற்றங்கள்

நம்முடைய யாழும் ஒரு ஹார்ப்தான். சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு போட்டிக்கு வந்த சீவகன் கொடுத்த யாழை எடுத்து உடனே வாசிக்கமாட்டான். இது நீரில் நின்று இளகிய மரம், இது வாள்வெட்டுப் பட்டது, இது இடி விழுந்தது என்று ஒவ்வொன்றாய்த் தள்ளுவான். பழைய உரைகள் நரம்பின் குற்றங்களை நான்காக எண்ணும்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புதுவாத்தியத்தை வாங்கி ஒவ்வொரு நரம்பாய்க் கேட்டுப் பார்க்கும் அதே காதுதான் அது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டபோது, அவர் கையில் இருந்தவை பாடல்களும் உரைகளும் கணக்குகளும். கேட்டுப் பார்க்க ஒரு பழைய யாழ் இருக்கவில்லை. குற்றங்களின் பட்டியல் மிஞ்சியது, குற்றம் சொல்ல வாத்தியம் மிஞ்சவில்லை. அந்த நான்கு குற்றங்களும் எப்படி ஒலித்தன என்பதை எந்த உரையும் நமக்குக் கேட்கவைக்காது.

வாத்தியம் இரைகிறதா இல்லையா என்பதை மரமும் பித்தளையும் தீர்மானிக்கின்றன. அது பிழையா அழகா என்பதை வாசிக்கிறவர்களும் கேட்கிறவர்களும் தீர்மானிக்கிறார்கள். காலத்துக்குக் காலம் மாற்றியும் தீர்மானிக்கிறார்கள். ஒரு கலை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இந்த வாக்குவாதமே சாட்சி. ஆகவே நம் ஊர்க் கச்சேரி ஒன்றில் அடுத்தமுறை ஏதாவது இரைந்தால், முகத்தைச் சுளிக்க முதல் ஒரு கேள்வி கேட்போம்: இது தற்செயலா, இல்லை யாரோ வைத்த ஜீவாளியா?