மகப்பேற்று வலிக்கான அக்குபிரசர்

மகப்பேற்று வலிக்கான அக்குபிரசர் என்பது பிள்ளைப்பேற்றின்போது தாயின் கால், கை, இடுப்புப் பகுதிகளிலுள்ள சில புள்ளிகளை விரலால் அழுத்தி வலியைத் தணிக்க முயலும் முறையாகும். சீன மரபு மருத்துவத்திலிருந்து வந்த இம்முறையில், அக்குபங்சரில் ஊசி குத்தப்படும் அதே புள்ளிகள் ஊசியின்றி அழுத்தப்படுகின்றன. மருந்தோ கருவியோ தேவையில்லை.

புள்ளிகள்

அதிகம் ஆராயப்பட்ட புள்ளி 'சன்யின்ஜியாவ்' ஆகும். இது உட்கணுக்காலின் முகட்டிலிருந்து தாயின் நான்கு விரற்கடை மேலே, கணைக்கால் எலும்பின் பின்னோரத்தில் உள்ளது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கையில் உள்ளது 'ஹெகு'. கருப்பை சுருங்கும்போது அழுத்தி, தளரும்போது விடுவது வழக்கம். இவ்விரு புள்ளிகளும் கருப்பையைத் தூண்டும் எனக் கருதப்படுவதால், மாதம் நிறைவதற்கு முன் இவற்றை அழுத்துவதை மரபு மருத்துவர்கள் தவிர்க்கின்றனர்.

செயற்படும் விதம்

உயிராற்றலின் ஓட்டம் சீராவதாகச் சீன மரபு கூறுகிறது. இதற்கு அறிவியல் சான்று இல்லை. மெல்சாக், வால் ஆகியோர் 1965 இல் முன்வைத்த வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி, தொடுகை, அழுத்தம் ஆகியவற்றின் உணர்வு தண்டுவடத்தில் வலியுணர்வை ஓரளவு தடுக்கிறது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதனால்தான். எனினும், குறிப்பிட்ட புள்ளியைத்தான் அழுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு இக்கோட்பாடு விடை தருவதில்லை.

இந்திய ஆய்வு

அழுத்தத்தின் பயனைச் சோதித்த ஆய்வு ஒன்று இந்தியப் பொது மருத்துவமனை ஒன்றில் நடைபெற்று 2010 இல் வெளிவந்தது. முதற்பிள்ளை பெறும் 212 பெண்கள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குச் சன்யின்ஜியாவ் புள்ளி 30 நிமிடங்கள், ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் அழுத்தப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு அதே இடம் வெறுமனே தொடப்பட்டது. மூன்றாம் குழுவினர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றனர். அழுத்தம் பெற்றவர்களுக்கு மற்ற இரு குழுக்களையும்விட வலி குறைந்தது. ஆனால் பயன் சிறியது, அழுத்தி முடித்த உடனேயே அது மிகுதியாகத் தெரிந்தது. துணைக்கு ஆளும் எபிடியூரல் மயக்க மருந்தும் கிடைக்காத சூழலில் பெறப்பட்ட முடிவு இது என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டுள்ளனர். சிறிய பயனும் பொருட்படுத்தத்தக்கதாவது அத்தகைய இடங்களில்தான்.

ஏற்பும் வரம்பும்

28 ஆய்வுகளைத் தொகுத்த 2020 ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு, அக்குபிரசர் வலியைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றும், சான்றுகளின் உறுதி குறைவு என்றும் தெரிவித்தது. உலக சுகாதார அமைப்பின் 2018 பரிந்துரைகளில் உடல் நீவுதல், வெந்நீர் ஒத்தடம், தாய் விரும்பும் துணையாள் ஆகியவை இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணையாள் திட்டம் 2004 இல் தொடங்கப்பட்டது. அவ்வாறு உடனிருக்கும் தாயோ அத்தையோ செவிலியர் காட்டித்தந்தால் புள்ளிகளை அழுத்தலாம். குருதிப்போக்கு, உயர் குருதியழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பு மாறுதல் போன்றவற்றுக்கு இது மருத்துவம் ஆகாது.