அழிந்த நாடாவும் மீண்ட நாதமும்

தில்லைச் சிற்றம்பலத்தின் பக்கலிலே பூட்டிய அறையொன்றில் தேவார ஏடுகள் புற்று மூடிக் கிடந்த கதையை அறியாத சைவ இளைஞர் நம்மிடையே இரார். பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாதென அந்தணர் கூற, மன்னன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளுவித்துக் கதவைத் திறப்பித்தான் என்றும், புற்றின்மேல் எண்ணெய் சொரிந்து எடுத்தபோது செல்லரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஆயின் அக்கதையின் பிற்பகுதியை நம்மிற் பலர் நினைப்பதில்லை. ஏடு கிடைத்த பின்னரும் பண் கிடைத்திலது. திருஎருக்கத்தம்புலியூரிலே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைத் தேடிக் கண்டு, அவர் வாயிலாகவே பண்முறை வகுத்தனர். ஏட்டினைக் காத்தது கோயில் அறை; இசையைக் காத்தது ஒரு குடும்பம்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தியதாகச் சொல்லப்படும் இச்செய்தியை நாம் இங்கு எடுத்தமைக்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டிலே, விஞ்ஞானமும் செல்வமும் மலிந்த நாடொன்றிலே, இதனை ஒத்த இழப்பும் மீட்பும் நிகழ்ந்தன. அங்கே அழித்தது கறையான் அன்று, மனிதர் கையே. அழிந்தவை, தொலைக்காட்சியின் இளமைக் காலத்து இசை நிகழ்ச்சிகள். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, வன்னி மண்ணில் வாழும் நமக்கு அதனால் விளங்கும் கடமை யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டனிலுள்ள அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையைத் தொடக்கியது. அந்நாளிலே பாடகர் பாடும்பொழுதே காட்சி வீடுகளைச் சென்றடையும். பாட்டு முடிந்ததும் அது நீர்மேல் எழுத்தாய் மறையும். பின்னர், 1940களின் பிற்பகுதியிலே, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே சினிமாக் கமராவை நிறுத்திப் படச்சுருளில் எடுக்கும் முறை வந்தது. 1956இல் அமெரிக்காவின் அம்பெக்ஸ் கம்பனி, இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவிலே காட்சியையும் ஒலியையும் ஒருங்கே பதியும் பொறியை வெளியிட்டது. இனி எதுவும் அழியாது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆயின் நடந்தது வேறு. படச்சுருளில் ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். நாடாவையோ, பழையதை அழித்துவிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அதன் சிறப்பாகப் போற்றப்பட்ட அக்குணமே இசைக்கு யமனாயிற்று.

நாடாவின் விலை மிக அதிகம். அதனை அடுக்கிவைக்க இடமும் வேண்டும். கலைஞர் சங்கங்களுடன் செய்துகொண்ட உடன்பாடுகளால் ஒரு நிகழ்ச்சியை நினைத்தபடி மறுஒளிபரப்புச் செய்தலும் இயலாது. 1967இல் பிரித்தானியாவிலே வர்ணத் தொலைக்காட்சி தொடங்கியபின், கறுப்பு வெள்ளைக் காட்சிகளை இனி யார் பார்ப்பர் என்ற எண்ணமும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இளைஞர் கேட்டு ஆடும் பாட்டுக்கள்தாமே என்ற அலட்சியமும் இருந்தது. ஆகவே நாடாக்கள் ஒவ்வொன்றாய்த் துடைக்கப்பட்டன.

‘ரொப் ஒவ் த பொப்ஸ்’ என்னும் வாராந்த இசை நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. 1964ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, மான்செஸ்ரர் நகரிலே கலையகமாக மாற்றப்பட்ட பழைய தேவாலயமொன்றில் அது தொடங்கியது. அக்காலத்து ஆங்கில இசையுலகின் பெயர்பெற்றோர் பலர் அங்கே தோன்றினர். எனினும் 1960களில் ஒளிபரப்பான அந்நிகழ்ச்சிகளுள் முழுமையாக எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. உலகெங்கும் புகழ் பரப்பிய பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஜூன் 16ஆந் திகதி அங்கே நேரில் தோன்றிய நிகழ்ச்சியும் அழிக்கப்பட்டது.

1978இல் பி.பி.சி. தனக்கென ஒரு படச்சுருள், நாடா நூலகத்தை அமைத்தபின்னரே இவ்வழிப்பு நின்றது. அப்பால் தேடல் தொடங்கியது. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 1993 முதல், அழிந்தவை எனக் கருதப்பட்டு மீண்டும் கிடைத்தவற்றை மக்களுக்குத் திரையிட்டு வருகின்றது. 2001இல் பி.பி.சி.யே, உங்கள் வீடுகளில் ஏதேனும் இருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களைக் கேட்டது. பெரும் நிறுவனமொன்று தான் எறிந்ததைத் தேடிச் சாதாரண மக்களின் வாயிலில் நின்ற காட்சி அது.

அவ்வாயில்களிலிருந்து கிடைத்தவை எவை? டேவிட் போவி என்னும் பாடகர் 1973 ஜனவரியில் அதே நிகழ்ச்சியிலே பாடிய பாட்டொன்று அழிந்ததென்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அன்று கமரா இயக்கிய ஜோன் ஹென்ஷோல் என்பார், தம் தொழில்திறனைக் காட்டும் பொருட்டு அப்பகுதியை இரண்டு அங்குல நாடாவிலே பிரதிசெய்து வைத்திருந்தார். 2011ஆம் ஆண்டிறுதியில் அது வெளிவந்து, 38 ஆண்டுகளின் பின் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. பீற்றில்ஸ் நிகழ்ச்சியோ இன்னும் வியப்பானது. 1966இல் ஒரு குடும்பத்தார் தம் வீட்டுத் தொலைக்காட்சித் திரையை நோக்கிச் சிறிய 8 மில்லிமீற்றர் கமராவைப் பிடித்து எடுத்த ஊமைப்படம், 2019இல் மெக்சிக்கோ நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. அதன் நீளம் 11 விநாடி மாத்திரமே! அதனைச் சீர்செய்து ஒலி சேர்த்தபோது, ஆங்கில நாட்டுப் பத்திரிகைகள் புதையல் கிடைத்ததாக எழுதின.

கிடைத்தமையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய நாடாவிலே காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை, ஆண்டுகள் செல்ல ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே பொறியில் ஓட்டினால் துகள் உரிந்து, பாட்டும் அதனோடு போய்விடும். ஆகவே அத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் சூட்டிலே பல மணிநேரம் பதமாக உலர்த்தி, உடனே பிரதி எடுப்பர். இது கைதேர்ந்தோர் செய்யும் வேலை. நாம் வீட்டடுப்பிலே செய்து பார்க்கத்தக்கதன்று. பழைய இரண்டு அங்குலப் பொறிகளும் அவற்றை இயக்க அறிந்தோரும் இன்று அருகிவிட்டமை இன்னொரு தொல்லை. வர்ண நிகழ்ச்சி அழிந்து கறுப்பு வெள்ளைப் படச்சுருள் மாத்திரம் எஞ்சியவிடத்து, அச்சுருளிலே நுண்புள்ளிகளாய்ப் பதிந்திருந்த வர்ணக் குறிப்பைக் கணினியால் வாசித்து, இழந்த நிறத்தையே மீட்கும் வித்தையும் கண்டனர். 2008இல் ஒரு நகைச்சுவை நாடகம் அவ்வாறு வர்ணம் பெற்று மீண்டது. ஓலையின் மங்கிய எழுத்தை மஞ்சளும் கரியும் பூசி வாசித்த நம் முன்னோர் இதனைக் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

வாசகர்களே, இதனால் நாம் அறிவது யாது? ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது அழியும். எத்தனை பெரிய மாளிகையில் இருந்தாலும் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானபோது இவ்வுண்மையை நம்மவர் நெஞ்சில் நெருப்பாலேயே எழுதினர். அற்பமென்று ஒருவர் எறிவதை அன்பினால் இன்னொருவர் வைத்திருப்பார் என்பதும், அவ்வன்பே பிற்காலத்துச் சரித்திரத்துக்கு வித்தாகும் என்பதும் நாம் அறியவேண்டியவை. வட்டுக்கோட்டை மிஷன் செமினரியிலே கல்வி பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியது, யார் யார் வீட்டிலோ கிடந்த ஏடுகளைத் தேடிப் பெற்றன்றோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியாகவும், 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினியாகவும் வந்தது. வன்னி மக்களுக்கோ அதனை நிம்மதியாய் இருந்து பார்க்கும் காலம் நெடிதாய் வாய்க்கவில்லை. போர் மூண்டது, மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நம் பெற்றோருடையது. ஆயினும் அக்காலத்திலேயே கசெற்றும் வீடியோவும் நம் வீடுகளுக்குள் புகுந்துவிட்டன. கோயில் திருவிழா நாதசுரம், பாடசாலைக் கலைவிழா, முள்ளியவளைக் கோவலன் கூத்து, அருவி வெட்டுப் பாட்டு, திருமண வீட்டிலே பாட்டி பாடிய வாழ்த்து ஆகியவை எந்த நிலையத்து நாடாவிலும் இராது, ஏதோ ஒரு வீட்டுக் கசெற்றில் இருக்கக்கூடும்.

2008, 2009ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்துச் செல்ல முடிந்தது எவ்வளவு? உயிரைக் காத்தலே அரிதாயிருந்த நாளிலே கசெற்றை யார் காப்பார்? எனவே நம்முடைய நாடாக்களை யாரும் துடைக்கவில்லை. அவை வீடுகளோடு போயின. ஆனாலும் முற்றாகப் போயின என்று முடிவு கட்டுதல் கூடாது. வெளிநாடு சென்ற உறவினருக்கு அந்நாளிலே ஒரு பிரதி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருந்தது. இலிவர்பூல் பாட்டு மெக்சிக்கோவில் கிடைத்தால், நம் ஊர்க் கூத்தொன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ ஒரு பெட்டிக்குள் ஏன் கிடவாது? ஆனால் நாடா நமக்காகக் காத்திராது. வெயிலும் ஈரமும் மிகுந்த நம் நாட்டிலே பூஞ்சணம் அதனை விரைந்து தின்னும்.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்கவை சிலவற்றைப் பணிவோடு கூறுகின்றோம். வீட்டிலுள்ள பழைய கசெற்றைக் குப்பையிலிடாதீர்கள். அதன் விளிம்பிலுள்ள சிறிய பிளாஸ்டிக் காப்புத் துண்டை உடைத்துவிட்டால் மேற்பதிவு செய்ய இயலாது; அழியாமற் காக்கும் முதற் பூட்டு அதுவே. யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று இன்றே உறைமீது எழுதுங்கள். எழுதவேண்டியதைச் சொல்லும் பெரியவர் நாளை இராது போகலாம். பூஞ்சணம் பிடித்ததை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். கணினியிற் பிரதி எடுத்தபின், ஒன்று வீட்டிலும் ஒன்று வேறோர் ஊரிலும் இருக்கட்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ணிம வடிவிலே சேமித்து எல்லோர்க்கும் வழங்கிவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றோடு தொடர்பு கொள்ளுங்கள்.

பெரியோர்களிடமும் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நாடா கிடைத்தாலும், அதிலுள்ள தாளமும் மெட்டும் இன்னவென்று சொல்ல ஆள் வேண்டும். எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணி இல்லையேல் தில்லை ஏடு பண்ணின்றி வெறும் பாட்டாக நின்றிருக்கும். உங்களிடம் உள்ள கூத்துப் பாட்டையும் ஊஞ்சற் பாட்டையும் எங்களுக்குப் பாடிக் காட்டுங்கள்; பிழையாகப் பாடினால் திருத்துங்கள். பழைய நாடாவைத் தேடி நாங்கள் வருவோம். அதனைக் கேட்டு, இது இன்னார் குரல், இது இன்ன மெட்டு என்று சொல்ல நீங்கள் இருத்தல் வேண்டும்.