கடல் குளியல் கம்பெனி நடத்திய நாடு

மொனாக்கோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கார் பந்தயமும், ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி இளவரசியான கதையும்தான். எனக்கு, பேலன்ஸ் ஷீட் பார்த்தே பழகிவிட்ட புத்தி என்பதால், வேறொரு கேள்வி. சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நாடு, தன் குடிமக்களிடம் வருமான வரி வாங்காமல் 150 வருஷத்துக்கும் மேலாக எப்படிக் கணக்கை நேர் செய்கிறது? "சூதாட்டம்தான், வேறென்ன" என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது பாதி பதில். அந்தச் சூதாட்டத்தைச் சுற்றி என்ன சட்டம் போட்டார்கள், அதற்கு ஊர்க்காரர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது மீதிப் பாதி.

கதை எலுமிச்சம்பழத்தில் ஆரம்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொனாக்கோ இன்றைக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு பெரியது. மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்கள் அதனுடன் இருந்தன. எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் அங்கேதான் விளைந்தன. அரண்மனையின் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. அரசர் ஐந்தாம் ஹொனொரே சும்மா இருந்திருக்கலாம். விளைச்சலுக்கு வரி போட்டதோடு, ரொட்டி விற்கிற உரிமையையும் ஏகபோகமாக்கினார். சாப்பிடுகிற ரொட்டியில் கை வைத்தால் எந்த ஊர் பொறுக்கும்? அவர் காலத்துக்குப் பிறகு, 1848இல் இரண்டு ஊர்களும் பிரிந்து போய்விட்டன. 1861இல் மொனாக்கோ அவற்றைப் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்து, ஈடாக 40 லட்சம் பிராங்க் வாங்கிக்கொண்டது. நிலத்தில் சுமார் 95 சதவீதம் போயிற்று. மிஞ்சியது ஒரு பாறை, ஒரு துறைமுகம், கொஞ்சம் கரடு.

நிலம் போகும்போதே அரண்மனையில் அடுத்த வழி யோசித்துவிட்டார்கள். யோசித்தவர் அரசி கரோலின் என்பார்கள். கணவர் ஃப்ளோரெஸ்தானுக்கு நாடகத்தில் இருந்த ஆர்வம் நிர்வாகத்தில் இல்லை. கணக்கு வழக்கெல்லாம் அம்மணி கையில்தான். பிரான்ஸ் 1837 கடைசியோடு சூதாட்ட விடுதிகளை மூடிவிட்டது. ஜெர்மன் சிற்றரசுகளில் மட்டும் ஊற்றுக் குளியல் ஊர்களில் ரூலெட் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே பணம் கொட்டுவதை கரோலின் கவனித்தார். 1856இல் முதல் உரிமம் கொடுக்கப்பட்டது. ஆனால் ரயில் கிடையாது, சாலை மோசம், தங்க நல்ல ஹோட்டல் கிடையாது. யார் வருவார்கள்? உரிமம் கை மாறிக்கொண்டே இருந்தது.

1863இல் ஃபிரான்சுவா பிளாங் வந்தார். இவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிளாங்கும் அவருடைய இரட்டைச் சகோதரர் லூயியும் 1830களில் போர்தோ நகரில் கடன் பத்திர வியாபாரம் செய்தவர்கள். பாரிஸ் சந்தையில் விலை ஏறியதா இறங்கியதா என்ற செய்தி தபால் வண்டியில் வந்து சேர நாள்கணக்கில் ஆகும். அரசாங்கத்திடம் மட்டும் கோபுரத்துக்குக் கோபுரம் மரக்கைகளை அசைத்துச் சேதி அனுப்பும் தந்தி இருந்தது. சகோதரர்கள் தூர் நகரத்துத் தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, அரசாங்கச் செய்திக்குள் வேண்டுமென்றே ஒரு 'பிழை'யைச் சேர்க்க வைத்தார்கள். அந்தப் பிழைதான் இவர்களுக்குச் சந்தை நிலவரம்! இரண்டு வருஷம் ஓடி 1836இல் பிடிபட்டார்கள். வழக்கு நடந்தது. ஆனால் தந்தியைத் தனியார் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது சட்டமே இல்லை. முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து தப்பிவிட்டார்கள். அரசாங்கம் அதன்பிறகுதான், 1837இல், அவசரமாகச் சட்டம் போட்டது. இன்சைடர் டிரேடிங் பற்றி எங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது இந்தக் கதையை ஒருவரும் சொல்லாதது எனக்கு இன்னமும் குறைதான்.

பிறகு சகோதரர்கள் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் கசீனோ நடத்தினார்கள். 1843இல் அங்கே ரூலெட் சக்கரத்தில் இருந்த இரண்டு பூஜ்யங்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இதன் கணக்கு எளிது. 37 கட்டங்கள், ஜெயித்தால் 35 மடங்கு. 100 பிராங்க் பந்தயத்துக்குச் சராசரியாக 2.70 பிராங்க் விடுதிக்கு நிற்கும். இரண்டு பூஜ்யம் இருந்தால் 5.26. பாதி மார்ஜினில் வியாபாரம் செய்து கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்கள். நம்மூர் ஜவுளிக்கடைத் தள்ளுபடித் தந்திரம்தான்.

இப்படிப்பட்டவர் 17 லட்சம் பிராங்க் கொடுத்து மொனாக்கோவில் 50 வருஷ உரிமம் எடுத்தார். கம்பெனிக்கு வைத்த பெயரை மொழிபெயர்த்தால் 'கடல் குளியல் மற்றும் அந்நியர் மன்றக் கம்பெனி' என்று வரும். சூதாட்டம் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் 'அந்நியர்' என்ற சொல் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. மொனாக்கோ குடிமக்கள் ஆட்ட அறைக்குள் நுழையக் கூடாது என்பது விதி.

இதை ஒழுக்கத்துக்காகப் போட்ட விதி என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அதில் கணக்குதான் தெரிகிறது. உள்ளூர்க்காரர் தோற்றால் அந்தப் பணம் அவர் பையிலிருந்து அரசர் பைக்குப் போகிறது. அது வேறு பெயரில் வரி. வரி போட்டுத்தான் இரண்டு ஊர்களை இழந்தார்கள். வெளியூர்க்காரர் தோற்றால் அது ஏற்றுமதி வருமானம். வங்கி ஊழியர்கள் ஊக வணிகத்தில் இறங்கக் கூடாது என்று எங்களுக்கும் நடத்தை விதி உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்பவனை ஆட்டத்திலிருந்து தள்ளி வைப்பது பழைய புத்திசாலித்தனம்.

அடுத்தடுத்து எல்லாம் கூடி வந்தது. 1866இல் கசீனோ இருந்த கரட்டுக்கு, அரசர் மூன்றாம் சார்லஸ் பெயரால் மான்டி கார்லோ என்று பெயர் சூட்டினார்கள். 1868இல் நைஸிலிருந்து ரயில் வந்தது. 1869இல் அரசர் குடிமக்கள் மீதிருந்த நேரடி வரிகளை ரத்து செய்தார். 1872 முடிவோடு ஜெர்மனியில் கசீனோக்கள் மூடப்பட்டன. ஹோம்பர்க்கின் பணக்கார வாடிக்கையாளர்கள் மான்டி கார்லோவுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்து நாடுகள் போட்ட தடைதான் மொனாக்கோவின் மூலதனம்.

எல்லாவற்றையும் தோற்றவருக்கு ஊர் திரும்ப ரயில் செலவைக் கம்பெனியே கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 'வியாட்டிக்' என்று பெயர். அதைத் திருப்பிக் கட்டும்வரை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். தோற்றவர் அந்த ஊரிலேயே கிடந்தால் கம்பெனிக்குத்தானே கெட்ட பெயர்?

வரி இல்லை, ரயில் வந்தது, ஊர் ஜொலித்தது. ஊர்க்காரர்கள் சந்தோஷமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? இல்லை. அரசர் முதலாம் ஆல்பர்ட் கடல் ஆராய்ச்சியில் பேர் பெற்றவர். அவர் கட்டிய பிரம்மாண்டமான கடலியல் அருங்காட்சியகம் 1910இல் திறக்கப்பட்டது. அதே வருஷம் மக்கள் கிளர்ந்தார்கள். வேலைகளெல்லாம் வெளிநாட்டினருக்கு, நாடாளுமன்றம் கிடையாது, ஓட்டு கிடையாது, அரசர் சொல்வதே சட்டம் என்பது அவர்கள் குறை. வரி கட்டாதவனிடம் அரசு எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்? அரசின் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டால், அரசின் காது கம்பெனி பக்கம்தான் திரும்பும். 1911 ஜனவரியில் முதல் அரசியல் சட்டமும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் வந்தன. பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த அரசியல் சட்டம் வர 1962 ஆயிற்று.

ஏகபோகமும் நிலைக்கவில்லை. 1933இல் பிரான்ஸ் தன் கசீனோக்களில் ரூலெட்டை அனுமதித்தது. 1950களில் கப்பல் அதிபர் ஒனாசிஸ் சத்தமில்லாமல் பங்குகளை வாங்கிக் கம்பெனியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். அரசர் மூன்றாம் ரெய்னியருடன் உரசல் முற்றியது. 1966இல் அரசு ஒரு சட்டம் போட்டு 6 லட்சம் புதுப் பங்குகளை உருவாக்கித் தானே எடுத்துக்கொண்டது. பி.காமில் 'பங்கு நீர்த்தல்' என்று படித்தோமே, அதற்கு இதைவிட முரட்டு உதாரணம் கிடைக்காது. ஒனாசிஸ் நீதிமன்றம் போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை. 1967இல் அரசிடமே தன் பங்குகளை விற்றுவிட்டுக் கிளம்பினார். நூறு வருஷம் நாட்டை நடத்திய கம்பெனியை அன்றுதான் நாடு நடத்த ஆரம்பித்தது.

இன்று அரசு வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு சிறியது. மதிப்புக் கூட்டு வரிதான் பெரிய வரவு. சூதாட்டத்துக்கென்று 1987இல் தனிச் சட்டமும் வந்தது. பணச் சலவையைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு 2024 ஜூனில் மொனாக்கோவைச் சாம்பல் பட்டியலில் சேர்த்தபோது, அரசு புது விதிகளோடு ஓட வேண்டியிருந்தது.

கரோலின் காலத்து விதி மட்டும் அப்படியே இருக்கிறது. கசீனோ கட்டடத்திலேயே, பாரிஸ் ஒபேராவைக் கட்டிய கார்னியே வடிவமைத்த அரங்கம் ஒன்று உண்டு, 1879இல் திறந்தது. மொனாக்கோ குடிமகன் டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கே போய்ப் பாட்டுக் கேட்கலாம். ஆட்ட அறைக்குள் போக முடியாது.