மூன்றில் ஒன்று மிஞ்சிய கதை

தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய இயங்குதளம் அது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று தங்கையின் கையோடு வந்தது. லினக்ஸின் மையமான கெர்னலின் நினைவக நிரலை அதில்தான் படிக்கப் பழகினேன்.

கெர்னலுக்கு ஓயாமல் சின்னச் சின்ன நினைவகத் துண்டுகள் தேவை. ஒரே அளவுத் துண்டுகளை முன்கூட்டியே அடுக்கி வைத்து, கேட்டதும் கொடுப்பது ‘ஸ்லாப்’ முறை. நவராத்திரி நேரத்தில் வடக்கு மாட வீதியில் பொம்மைகளை உயரவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்களே, அந்த வசதிதான். சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994-இல் இதை விளக்கி எழுதினார், லினக்ஸ் எடுத்துக்கொண்டது.

2006-இல் சின்னக் கருவிகளுக்கென்று மாட் மெக்கல் எழுதிய இன்னொரு நிரல் சேர்ந்தது. 2007-இல் கிறிஸ்டோஃப் லாமீட்டரின் ‘ஸ்லப்’ வந்தது. ஆயிரம் செயலிகள் கொண்ட இயந்திரத்தில் ஸ்லாப் துண்டுகளைக் குறித்துவைக்கும் வரிசைகளே பல ஜிகாபைட்டை விழுங்குகின்றன என்பது அவர் வாதம்.

ஆக, ஒரே வேலைக்கு மூன்று நிரல். எந்த மாற்றமும் மூன்றுக்கும் ஒத்துவர வேண்டும். மூன்றையும் சோதிக்க வேண்டும். கெர்னல் நிரலாளர் வ்லாஸ்திமில் பாப்கா முன்நின்று இந்தச் சுமையை இறக்கினார். 2023-இல் கெர்னலின் 6.4 பதிப்பில் மெக்கலுடையது போனது. 2024 மார்ச்சில், 6.8-இல், ஏறத்தாழ 4,000 வரிகளோடு ஸ்லாபும் போனது. புதிதாக எழுதுவதைவிட இப்படி நீக்குவதே கடினம். அதற்குரிய பாராட்டு அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கெர்னல் படிக்க விரும்பும் மாணவர்களே, இன்று முதன்மையான கோப்பு ஒன்றுதான்: ஸ்லப்.சி. அங்கிருந்து தொடங்குங்கள்.