ஒத்துப்போகாத பிள்ளைகள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் அழுதாள். "சார், பையன் யாரோடவும் சேர மாட்டேங்கறான், பாடத்துலயும் கவனமில்லைன்னு மிஸ் சொல்றாங்க." பதில் சொல்லும் முன் நம்ம ஊர்ப்பக்கத்துப் பழைய கதை ஞாபகம் வந்தது.

1980-களில் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்தது. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியேறின. பிள்ளைகள் வருச நடுவில் பள்ளியில் சேர்ந்தார்கள். சிலர் சேரவே இல்லை. கைமடியாகவும் பிசிறு வெட்டவும் கம்பெனிக்குப் போனார்கள். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான தொழில்களை மட்டுமே தடுத்தது. குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளோடு, 14 வயதுக்குட்பட்டவர்களை எல்லா வேலைக்கும் தடுத்தது 2016-ல் வந்த திருத்தம்தான்.

அந்தக் காலத்தில் என் வகுப்பில் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்குவான். சோம்பேறி என்று திட்டினேன், அடித்தும் இருக்கிறேன். ஒருநாள் வராமல் நின்றுவிட்டான். தேடிப் போனபோதுதான் தெரிந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் தினமும் ஒன்றரை ஷிப்ட். சோறாக்கி, தங்கச்சிக்கு ஊட்டி, அம்மா வரும்வரை விழித்திருந்தவன் அவன். நான் போவதற்குள் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

குறை பிள்ளையிடம் மட்டும் இல்லை என்பதை அரசும் மெதுவாகத்தான் கற்றது. மதியப் பசிக்குக் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. தொடக்கப் பள்ளியில் காலைப் பசிக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி தரச் சொன்னது. இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அது மந்தம் இல்லை. பாஷை புரியாத தவிப்பு.

அந்த மாணவியிடம் இவ்வளவுதான் கேட்டேன். "பையன் நல்லாத் தூங்கறானா கண்ணு? காலையில சாப்பிடறானா? கண்ணு, காது பார்த்தீங்களா? சமீபத்துல வீடு மாத்துனீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீடு மாறி மூணு மாசம் ஆச்சுங்க சார். எனக்கும் இப்ப ராத்திரி ஒன்பதாயிடுது."

மிஸ்ஸிடம் இதை முதலில் சொல்லச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவன்.